இரண்டாவது ஓட்டம் நள்ளிரவில்

அன்பு மகளுக்கு,

ஹூட் டு கோஸ்ட் தொடரோட்டத்தில் 5ஆம் ஆளாக ஓடப்போகிறாய் என்று நீ சொன்னதும் உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில், ஹூட் மலையிலிருந்து சீசைடு கடற்கரை வரை ஏறக்குறைய 320 கிலோமீட்டர். அதை 36 கட்டங்களாகப் பிரித்து, ஓர் அணியில் 12 பேர் ஆளுக்கு மூன்று முறை ஓடுகிறீர்கள். உன் பங்கு 5, 17, 29. முதல் ஆறு பேர் ஒரு வேனில், மற்ற ஆறு பேர் இன்னொரு வேனில். உன் வேன் 6ஆம் கட்டத்தை முடித்ததும் அடுத்த வேனிடம் ஒப்படைத்துவிட்டு, 13ஆம் கட்டத்துக்குக் காத்திருக்கும்.

காலை 10 மணிக்குப் புறப்பட்டு, கட்டத்துக்கு 53 நிமிடம் என்று வைத்தால், 17ஆம் கட்டம் உன் கைக்கு வரும்போது நள்ளிரவு தாண்டியிருக்கும். நெற்றி விளக்கு, ஒளி பட்டால் மின்னும் மேல்சட்டை, முதுகில் சிமிட்டும் சிவப்பு விளக்கு, மூன்றும் இல்லாமல் இறங்காதே. ஓடாதபோதும், கைமாற்றும் இடத்தில் வேனை விட்டு இறங்கினால் மேல்சட்டை உடம்பில் இருக்கட்டும். வண்டிகள் திரும்புவதும் ஆட்கள் குறுக்கே போவதும் அங்கேதான் அதிகம்.

ஆனால் நீ ஓடுவது பற்றி எனக்குப் பெரிய கவலை இல்லை. பயிற்சி செய்திருக்கிறாய். என் கவலை எல்லாம் அதிகாலை 2 மணி பற்றித்தான். 18ஆம் கட்டம் அப்போதுதான் முடியும். உங்கள் வேன் மறுபடி ஓடத் தொடங்க ஐந்து மணி நேரம் இருக்கும். அதில் அடுத்த இடத்துக்கு வண்டி ஓட்டிப் போக வேண்டும், சாப்பிட வேண்டும். மிஞ்சுவது இரண்டு, மூன்று மணி நேரத் தூக்கம். பேசிச் சிரித்தே அதைத் தொலைத்துவிடுவார்கள். நீ தொலைக்காதே. ஈர உடையை மாற்றிவிட்டு உடனே படு.

அந்த நேரத்தில் ஸ்டீயரிங் பக்கம் நீ போகவே கூடாது. ஓடி முடித்த உடம்பும் தூங்காத கண்ணும் சேர்ந்தால் சாலையில் என்ன ஆகும் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஓடாத ஒருவர் ஓட்டுநராக வந்து, மாலையிலேயே தூங்கி எழுந்திருந்தால் அதைவிட நல்லது கிடையாது. அப்படி யாரும் இல்லையென்றால், 13ஆம் கட்டத்தை ஓடியவர் முடித்த கையோடு பின்இருக்கையில் படுத்துவிடட்டும். 2 மணிக்கு அவர் ஓட்டட்டும். நீ வண்டி ஓட்டும் உன் முறையை இரவு 9 மணி வாக்கில், ஓடுவதற்கு முன்பே முடித்துவிடு. இதை அணித்தலைவரிடம் இப்போதே பேசி, யார் எப்போது ஓட்டுவது என்று எழுதி வாங்கு. மலையடிவாரத்தில் எல்லோரும் உற்சாகமாக இருக்கும்போது யாரும் கேட்க மாட்டார்கள்.

மூன்றாவது முறை கால் மரத்துப்போயிருக்கும். முதல் கிலோமீட்டரை மெதுவாகவே போ, தானாக இளகும். வலி கூர்மையாக இருந்தால் நிறுத்திவிடு; உனக்குப் பதில் ஓட அணியில் ஆள் இருக்கிறார்கள்.

மறுநாள் மாலை 6 மணி வாக்கில் கடற்கரையில் இருப்பீர்கள் என்று என் கணக்கு சொல்கிறது. உடனே போன் செய்ய வேண்டாம். சேர்ந்துவிட்டேன் என்று ஒரு வரி அனுப்பிவிட்டுத் தூங்கு. எழுந்ததும் பேசலாம்.

அம்மா