சமையலறை எஸ்டிமேட்டில் அளவையும் எழுதித் தரட்டும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். புது வீடு கட்டுகிறவர்களுக்காக எத்தனையோ எழுதுகிறார்கள். கட்டி முப்பது, நாற்பது வருஷமான வீட்டில் சமையலறையை மட்டும் மாற்றலாம் என்று நினைப்பவர்களும் எங்கள் வேலூரில் நிறைய இருக்கிறோம். எங்களுக்கு முதல் தடுமாற்றமே எஸ்டிமேட்டில்தான். இந்த வருஷம் அதில் நான் பட்டதை மற்றவர்களும் தெரிந்துகொள்ளட்டும் என்று எழுதுகிறேன்.

நான் அரசுப் பள்ளியில் கணக்கு ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். சத்துவாச்சாரியில் வீட்டு வசதி வாரிய வீடு. சமையலறை 10 அடிக்கு 8 அடி. மேடை கடப்பா கல். அது சுண்ணாம்புக் கல் இனம், புளிப்பு பட்டால் தாங்காது. இத்தனை வருஷம் புளியும் எலுமிச்சம்பழமும் பட்டு அடுப்பு ஓரமெல்லாம் வெளுத்துச் சொரசொரப்பாகிவிட்டது. போர் தண்ணீரின் உப்பு குழாய் வாயில் படிந்து, மாதம் ஒரு தடவை ஊசியால் குத்தி எடுக்க வேண்டியிருந்தது.

மூன்று பேரிடம் கேட்டோம். முதலாமவர் ஐந்து நிமிஷம் நின்று பார்த்தார். காலண்டர் தாளின் பின்பக்கத்தில் ‘கிச்சன் வேலை மொத்தம் 1,65,000’ என்று எழுதிக் கொடுத்தார். அவ்வளவுதான், ஒரே வரி. இரண்டாவது ஒரு மாடுலர் கிச்சன் கடை. கம்ப்யூட்டரில் படம் போட்டு, வண்ணத்தில் அச்சடித்து 2,48,000 என்றார்கள். கடைசிப் பக்கத்தில் சின்ன எழுத்தில் ‘ஜிஎஸ்டி 18 சதவீதம் தனி. பிளம்பிங், ஒயரிங் சேராது’ என்று இருந்தது. மூன்றாவது பாகாயம் பக்கத்து மேஸ்திரி ஒருவர். நோட்டுப் புத்தகத் தாளில் இரண்டு பக்கம் எழுதி 2,10,000 சொன்னார்.

என் வீட்டுக்காரர் காலண்டர் தாளுக்கே கொடுத்துவிடலாம் என்றார். சென்னையில் இருக்கும் மகள், கடைக்காரர்கள்தான் நேரத்துக்கு முடிப்பார்கள் என்றாள். நான் சரி சொல்லவில்லை. 2017ல் குளியலறைக்கு இப்படித்தான் குறைந்த தொகைக்காரரைப் பிடித்தோம். பாதிக்கு மேல் முன்பணம் வாங்கிக்கொண்டார். தரைக்கு வாட்டம் சரியாகக் கொடுக்காமல் டைல்ஸை ஒட்டிவிட்டு, பிறகு போன் எடுக்கவே இல்லை. இன்றைக்கும் அந்தத் தண்ணீரைத் துடைப்பத்தால்தான் தள்ளுகிறோம்.

நேதாஜி மார்க்கெட்டில் முள்ளுக் கத்தரிக்காய் வாங்கும்போது, கிலோ என்ன விலை என்று கேட்கிறோம், தராசையும் பார்க்கிறோம். இரண்டு லட்ச ரூபாய் வேலைக்கு மட்டும் தொகையை வைத்தே முடிவு செய்கிறோம். எதற்கு, எவ்வளவுக்கு என்று கேட்பதில்லை. அதனால் நானே ஒரு தாளில் 23 வேலைகளை வரிசையாக எழுதினேன். பழைய மேடை உடைப்பது, ரப்பிஷ் அள்ளி வண்டி வைத்து அனுப்புவது, குழாய் மாற்றுவது, கிரானைட், கல் ஓரத்துக்கு மோல்டிங், சிங்க்குக்குத் துளை போடுவது, டைல்ஸ், அலமாரி, கீல், டிராயர் சேனல், பரண் கதவு என்று எல்லாம். ஒவ்வொன்றுக்கும் எதிரே அளவு, ரேட், பொருளின் பெயர் என்று மூன்று கட்டம். மூன்று பேரிடமும் அதே தாளைக் கொடுத்து நிரப்பித் தரச் சொன்னேன்.

1,65,000 என்றவரின் தாள் 2,14,000 ஆகத் திரும்பி வந்தது. உடைப்புக் கூலி, ரப்பிஷ், குழாய், ஒயரிங், சிங்க், அலமாரி உள்பக்க மைக்கா எதையும் முதலில் அவர் சேர்க்கவே இல்லை. பாதி வேலையில் ஒவ்வொன்றாகக் கேட்டிருப்பார், நாமும் வேறு வழியில்லாமல் கொடுத்திருப்போம்.

கடைக்காரர்களின் தாளில் வேறு ஒன்று கிடைத்தது. எங்கள் மேடை ‘எல்’ வடிவம், இரண்டு பக்கமும் சுவரோரம் அளந்தால் 8 அடி. அலமாரிக்கு நீளம் 16 அடி என்று போட்டிருந்தார்கள். ஆனால் மூலையில் இருக்கும் 2 அடி இரண்டு பக்கத்துக்கும் பொது. ஒரு தடவைதான் சேரும். 14 அடி நீளம், இரண்டே முக்கால் அடி உயரம், ஆக 38.5 சதுர அடி. அவர்கள் எழுதியது 44. சதுர அடி 1,500 ரூபாய் வீதம் இந்த மூலை ஒன்றில் மட்டும் 8,250 ரூபாய். கிரானைட்டிலும் அதே கதை, 28 சதுர அடி 32 ஆகியிருந்தது. சுட்டிக்காட்டியதும் திருத்திக் கொடுத்தார்கள், அதனால் அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். கல் அறுக்கும்போது சேதாரம் உண்டு. அதைச் சேதாரம் என்றே எழுதி வாங்கிக்கொள்ளட்டும், யாரும் மறுக்கப் போவதில்லை. திருத்திய பிறகும் வரியோடு 2,81,725 வந்தது. குழாயும் ஒயரிங்கும் அப்போதும் அதில் இல்லை.

மேஸ்திரியின் தொகை மாறவே இல்லை. அவர் முதல் நாள் வந்ததைச் சொன்னால்தான் காரணம் புரியும். காலை ஏழு மணிக்கு வந்தார். சட்டைப் பையிலிருந்து ஒரு ரூபாய் நாணயத்தை எடுத்து, சுவர் டைல்ஸை ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டே போனார். சிங்க்குக்கு மேலே வந்ததும் சத்தம் மாறியது. அதுவரை கணீர் என்று கேட்டது, அங்கே பொத்தென்று கேட்டது. உடனே தரையில் படுத்து, டார்ச் அடித்து, குழாய்க்குப் பின்னால் விரலை விட்டுத் தடவி எடுத்துக் காட்டினார். விரல் நுனியில் ஈரமான சிமெண்ட் பொடி. “டீச்சரம்மா, இந்தச் சுவருக்குள்ள தண்ணி இறங்குது. எவ்வளவு தூரம்னு உடைச்சாத்தான் சொல்ல முடியும்” என்றார். அப்புறம் கிரைண்டர் எங்கே நிற்கும், நின்று காய் நறுக்கும்போது இடுப்பு வலிக்கிறதா, இண்டக்‌ஷன் அடுப்பு வைத்திருக்கிறீர்களா என்றெல்லாம் கேட்டார். இண்டக்‌ஷன் 2,000 வாட் இழுக்கும், பழைய 6 ஆம்பியர் பிளக் தாங்காது என்று அதற்குத் தனி லைன் எழுதினார். சிங்க் சுவருக்கு நேராக, ‘உடைத்த பிறகே தெரியும். பூச்சு கெட்டிருந்தால் சதுர அடிக்கு 110 ரூபாய் தனி’ என்று எழுதியிருந்தார்.

அந்த வரிதான் என்னை முடிவெடுக்க வைத்தது. தெரியாததைத் தெரியாது என்று எழுதி, அதற்கும் ரேட் போட்டுக் கொடுத்தவர் அவர் ஒருவர்தான். உடைத்துப் பார்த்தபோது 42 சதுர அடி பூச்சு உதிர்ந்திருந்தது. 4,620 ரூபாய் கூடுதல். ஒரு பேச்சும் இல்லாமல் கொடுத்தேன்.

பிளைவுட் விஷயத்தையும் சொல்ல வேண்டும். என் தாளில் பொருளின் பெயர்க் கட்டத்தில் மூன்று பேருமே முதலில் ‘வாட்டர்ப்ரூஃப் பிளைவுட்’ என்றுதான் எழுதினார்கள். அந்தப் பெயரை யாரும் எதற்கும் சொல்லலாம். பலகையில் ஐஎஸ்ஐ முத்திரையோடு எண் இருக்கும். ஐஎஸ் 710 என்றால் மரைன் பிளைவுட், சிங்க்குக்குக் கீழே அதைப் போடுவது நல்லது. ஐஎஸ் 303ல் பிடபிள்யுஆர் (கொதிநீரையும் தாங்கும் வகை) என்று போட்டது மற்ற அலமாரிக்குப் போதும், எம்ஆர் (காற்றின் ஈரத்தை மட்டும் தாங்கும் வகை) என்று போட்டது சமையலறைக்கு ஆகாது. எண்ணை எஸ்டிமேட்டிலேயே எழுதச் சொல்லுங்கள். பலகை வந்து இறங்கும்போது, அறுப்பதற்கு முன்னால், முத்திரையைப் பாருங்கள். மைக்கா ஒட்டிய பிறகு எதுவும் தெரியாது.

2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ், வேலைக்கு நாம் கொடுத்த தொகை ஐந்து லட்ச ரூபாய் வரைக்கும் இருந்தால், மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் கட்டணமே இல்லாமல் புகார் கொடுக்கலாம். ஆனால் என் குளியலறைக்காரர் என்ன செய்து தருவதாக ஒப்புக்கொண்டார் என்று காட்ட, என்னிடம் ஒரு துண்டுத் தாள்கூட இல்லை.

மேஸ்திரிமார்களுக்கும் கடைக்காரர்களுக்கும் என் வேண்டுகோள் ஒன்றுதான். தமிழில், அளவோடு எழுதிக் கொடுங்கள். அளக்கும்போது அந்தச் சமையலறையில் தினமும் நிற்கிறவரைக் கூப்பிட்டுப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டுக்கு வந்த மூன்று பேரில் ஒருவர்தான் என்னிடம் பேசினார், மற்ற இருவரும் ஹாலில் என் வீட்டுக்காரரிடமே பேசி முடித்தார்கள்.

நான் தயாரித்த 23 வரிப் பட்டியலின் நகலை இத்துடன் வைத்திருக்கிறேன். இடமிருந்தால் வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஆசிரியை,
சத்துவாச்சாரி, வேலூர்.