எருமைக்கும் ஓர் இடம் கொடுங்கள்: வனத்துறைக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாடு வனத்துறை அதிகாரிகளுக்கு,

வணக்கம். நீலகிரி மேல்மலையில் சீகை (வாட்டில்) மரங்களை அகற்றிப் புல்வெளியை மீட்கும் வேலையை வரவேற்கிறேன். அந்த வேலையில் எருமைக்கும் ஓர் இடம் கேட்டுத்தான் இந்த மடல்.

புல்வெளி என்றதும் வரையாட்டைச் சொல்கிறோம், பன்னிரண்டு ஆண்டுக்கொருமுறை பூக்கும் குறிஞ்சியைச் சொல்கிறோம். சரி, அங்கே காலங்காலமாக எருமை மேய்த்த தோடர்கள்? ஓன் என்ற தெய்வம் பூமிக்குள்ளிருந்து எருமைகளை வெளியே கொண்டுவந்தபோது, கடைசி எருமையின் வாலைப் பிடித்துக்கொண்டு வந்தவரே முதல் தோடர் என்பது அவர்கள் வழிவழியாகச் சொல்லும் கதை. எருமை முன்னே, மனிதர் பின்னே. அவர்களுடைய கோயிலும் பால்மனைதான். அதற்குரிய எருமைகளின் பாலைப் பூசாரி கறந்து, கடைந்து, வெண்ணெய் எடுப்பதே அங்கே வழிபாடு. எருமைக்கு உப்புத் தண்ணீர் கொடுப்பதுகூடச் சடங்கோடுதான். குழியில் உப்பைக் கரைத்துவைத்துக் குடிக்க விடுவார்கள்.

அந்தக் கோயிலுக்குக் கூரை வேய எந்தப் புல்லும் ஆகிவிடாது. மேல்மலைச் சதுப்பில் வளரும் ஒருவகைப் புல்தான் வேண்டும். அது இன்று எளிதாகக் கிடைப்பதில்லை. சதுப்புகள் பல காய்ந்துவிட்டன. தோல் பதனிடப் பட்டை வேண்டுமென்று சீகையும், விறகுக்கென்று கற்பூர மரமும் (யூகலிப்டஸ்) மலை முழுக்க நடப்பட்டன. எமரால்டு, அவலாஞ்சி, அப்பர் பவானி நீர்த்தேக்கங்களுக்குள் போன மேய்ச்சல் நிலம் திரும்பி வரப்போவதில்லை. ஆனால் சீகைக்கு அடியில் கிடப்பதை மீட்கலாம்.

அடுத்து எந்தச் சரிவு என்று முடிவெடுக்கும்போது, தோடர் குடியிருப்புகளான மந்துகளை ஒட்டிய சதுப்புகளிலிருந்து தொடங்குங்கள். மந்துப் பெரியவர்களிடம் கேட்டுவிட்டு வரைபடம் போடுங்கள். 2006 வன உரிமைச் சட்டம் மேய்ச்சலையும் உரிமையாகவே சொல்கிறது. மீட்ட நிலத்தைச் சுற்றி வேலி போட்டு எருமையை வெளியே நிறுத்திவிடாதீர்கள். அப்புறம், புல்வெளியில் மரம் நடும் விழாக்கள் வேண்டாம். மரம் நட்டால் புண்ணியம் என்று நமக்கு ஊறிப்போயிருக்கிறது, ஆனால் புல்வெளிக்கு அது கேடு.

வெட்டிய இடத்தில் அடுத்த மழைக்கே சீகை மறுபடி முளைக்கும், அதன் விதை மண்ணுக்குள் பல ஆண்டுகள் உயிரோடு கிடக்கும். ஆண்டுதோறும் அதைப் பிடுங்க ஆள் வேண்டும். அந்த வேலையை நல்ல கூலியோடு முதலில் மந்துக்காரர்களுக்கே கொடுங்கள். எந்தப் புல் எங்கே வரவேண்டும் என்று அவர்களுக்குத் தெரியும்.

இப்படிக்கு,
ஊட்டிவாசி ஒருவர்