ஆங்கிலப் பாடத்தைத் தமிழிலிருந்து தொடங்குங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் மாணவர் பக்கத்தில் வெளிவரும் ஆங்கிலப் பயிற்சியை, மேல்நிலைப் பள்ளியில் ஆங்கிலம் கற்பித்து ஓய்வுபெற்ற நான் தவறாமல் படித்து வருகிறேன். அண்மையில் அதில் மோடல் வெர்ப் எனப்படும் துணைவினைகள் பட்டியலிடப்பட்டு, 'கேன் – முடியும், மே – லாம், மைட் – லாம், மஸ்ட் – வேண்டும்' என்று ஒவ்வொன்றுக்கும் நேராக ஒரு தமிழ் வடிவம் தரப்பட்டிருந்தது. பள்ளிகளிலும் பெரும்பாலும் இதே முறைதான் இருக்கிறது. இத்தகைய பட்டியலை மனப்பாடம் செய்வது எளிது. ஆனால் நடக்க வாய்ப்புள்ள ஒன்றை ஆங்கிலத்தில் சொல்ல முனையும் மாணவருக்கு அது கைகொடுப்பதில்லை என்பதைத் தெரிவிக்கவே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

'லாம்' என்ற ஒரு விகுதி தமிழில் எத்தனை வேலைகளைச் செய்கிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும். 'நீ போகலாம்' என்பது அனுமதி. 'நாளை மழை பெய்யலாம்' என்பது வாய்ப்பு. 'வாருங்கள், சாப்பிடலாம்' என்பது அழைப்பு. 'பேருந்து போயிருக்கலாம்' என்பது நடந்து முடிந்ததைப் பற்றிய ஊகம். 'என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்' என்பதோ ஊகமே அன்று. சொல்லவில்லையே என்ற வருத்தம். தமிழ்க் குழந்தை இவை அனைத்தையும் இடம் பார்த்துப் பிரித்தறிகிறது. ஆங்கிலத்தில் இவை வெவ்வேறு வழிகளில் பிரிந்துவிடுகின்றன: பேருந்துக்கு 'தி பஸ் மே ஹாவ் லெஃப்ட்', வருத்தத்துக்கு 'யூ குட் ஹாவ் டோல்ட் மீ', அழைப்புக்கு 'லெட்ஸ் ஈட்'. 'மே – லாம்' என்று மட்டும் படித்த மாணவர் இந்த இடங்களில் தடுமாறுவதற்கு அவரைக் குறை சொல்வது நியாயமில்லை.

'கேன்' என்பதில் சிக்கல் இன்னும் கூடுதல். 'இட் கேன் ரெயின் டுமாரோ' என்று எழுதும் மாணவர்கள் பலர். நாளை என்ற குறிப்பிட்ட நாளில் மழை பெய்யும் வாய்ப்பைச் சொல்ல ஆங்கிலம் மே, மைட், குட் ஆகியவற்றைத்தான் பயன்படுத்தும். கேன் என்பது ஒன்றின் பொதுவான இயல்பைச் சொல்வதற்கு உரியது. சென்னையில் டிசம்பரில் கனமழை பெய்வதுண்டு என்றால் அங்கே கேன் சரியாகப் பொருந்தும். 'பெய்யலாம்', 'பெய்வதுண்டு' என்ற வேறுபாடு நம் மொழியிலேயே இவ்வளவு துல்லியமாக இருக்கும்போது, 'முடியும்' என்ற ஒற்றைச் சொல்லை ஏன் மாணவர் கையில் கொடுக்க வேண்டும்?

எதிர்மறையிலும் இப்படித்தான். 'அவர் இந்நேரம் வீட்டில்தான் இருக்க வேண்டும்' என்று ஊகித்துச் சொல்லும்போது மஸ்ட் வரும். அதே ஊகத்தை மறுத்து, 'அவர் வீட்டில் இருக்க வாய்ப்பே இல்லை' என்று சொல்லும்போது மஸ்ட் நாட் வருவதில்லை, 'கான்ட் பி' வருகிறது. மஸ்ட் நாட் என்பது தடை ஆகிவிடும். மாணவருக்கு இது விசித்திரமாகத் தோன்றும். ஆனால் தமிழில் 'இருக்கக்கூடும்' என்பது வாய்ப்பைக் குறிக்க, 'இருக்கக்கூடாது' என்பது தடையாக மாறுவதை ஒருமுறை சுட்டிக்காட்டிவிட்டால், வியப்பு நீங்கிப் பாடம் மனத்தில் தங்கிவிடும். வகுப்பறையில் நான் கண்ட அனுபவம் இது.

மே, மைட் இரண்டுக்கும் இடையிலான வேறுபாட்டைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டியதில்லை என்பது என் கருத்து. மைட் என்பது மே என்பதன் இறந்தகால வடிவமாகத் தோன்றியது. அதில் உறுதி சற்றுக் குறைவு என்று இலக்கண நூல்கள் கூறினாலும், இன்றைய பேச்சில் அந்த இடைவெளி மிகச் சிறியது. இரண்டில் ஒன்றுதான் சரி என்று வைத்து, கோடிட்ட இடத்துக்கான ஒரு மதிப்பெண்ணைப் பறிப்பது மாணவருக்கு இழைக்கும் அநீதி.

இதனுடன் சேர்த்தே சொல்ல வேண்டியது, வினையும் பெயரும் இணைந்து வரும் சொற்சேர்க்கை. நாம் தவறு செய்கிறோம், கனவு காண்கிறோம், பொய் சொல்கிறோம். இவற்றைச் சொல்லுக்குச் சொல் மாற்றும் மாணவர் 'டூ எ மிஸ்டேக்', 'ஸா எ ட்ரீம்', 'செட் எ லை' என்று எழுதுகிறார். ஆங்கிலத்தில் மிஸ்டேக் மேக் என்பதோடும், ட்ரீம் ஹாவ் என்பதோடும், லை டெல் என்பதோடும் சேரும். ஹோம்வொர்க் மட்டும் டூ என்பதோடு நிற்கும். இதற்கு விதி கேட்டால் முழுமையான விதி கிடையாது. நம் மொழியில் வெயில் அடிக்கிறது, காய்ச்சல் அடிக்கிறது, சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கிறோம், கோயிலில் மொட்டை அடிக்கிறோம். இவற்றுக்குள் அடிப்பது எங்கே இருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை, 'மொட்டை செய்தேன்' என்று எந்தக் குழந்தையும் சொல்வதில்லை. சேர்த்துக் கேட்டதால் சேர்த்தே கற்றுக்கொண்டோம். ஆங்கிலத்தைப் பிறமொழியாகக் கற்போருக்கு இந்தச் சேர்க்கைகள்தாம் பெரிய தடை என்பதை உணர்ந்து, டோக்கியோவில் பணியாற்றிய ஆங்கிலம் கற்பித்தல் அறிஞர் ஹெரால்ட் பாமர் 1933-ஆம் ஆண்டிலேயே அவற்றைத் தொகுத்து அறிக்கை வெளியிட்டார். தொண்ணூறு ஆண்டுகளுக்குப் பின்னும் நாம் மேக், டூ, டேக், ஹாவ் ஆகியவற்றைத் தனித்தனிச் சொற்களாகவே பொருள் எழுதிப் படிக்க வைப்பது வருந்தத்தக்கது.

வேலைக்கு விண்ணப்பிப்பதிலும் அலுவலகக் கடிதத்திலும் இவ்விரண்டும் ஒரே வாக்கியத்தில் வந்து நிற்கின்றன. 'நான் தவறு செய்திருக்கலாம்' என்பதை 'ஐ மே ஹாவ் மேட் எ மிஸ்டேக்' என்று எழுதத் துணைவினையும் தெரிய வேண்டும், எந்த வினை மிஸ்டேக் என்பதோடு சேரும் என்பதும் தெரிய வேண்டும். தமிழ்வழியில் படித்து நேர்காணலுக்குச் செல்லும் இளைஞர்கள், சொல்ல வேண்டிய கருத்து நெஞ்சில் தெளிவாக இருந்தும் இத்தகைய இடத்தில் நின்றுவிடுவதைப் பார்க்கும்போது மிகவும் வேதனையாக இருக்கிறது.

ஆகவே, மாணவர் பக்கத்தில் பட்டியலுக்குப் பதிலாக வாரம் ஒரு தமிழ் வாக்கியத்தை எடுத்துக்கொண்டு, அது எந்தச் சூழலில் என்ன பொருள் தருகிறது, அந்தப் பொருளுக்கு ஆங்கிலம் எந்தத் துணைவினையைத் தேர்கிறது, அதில் வரும் பெயர்ச்சொல் எந்த வினையோடு சேர்கிறது என்பதை விளக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். வாக்கியங்களுக்கு வெளியே தேட வேண்டியதில்லை. தங்கள் நாளிதழிலேயே 'ஓரிரு இடங்களில் இடி, மின்னலுடன் கூடிய மிதமான மழை பெய்யக்கூடும்' என்ற வானிலைச் செய்தி அடிக்கடி வெளியாகிறது. முதல் வாரத்துக்கு அதையே எடுத்துக்கொள்ளலாம்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர்,
திண்டுக்கல்.