3,000 டொலரும் ஒரு கடைசித் திகதியும்

கனடாவின் அரச-பூர்வகுடி உறவுகள் அமைச்சருக்கும் பூர்வகுடிச் சேவைகள் அமைச்சருக்கும்,

வணக்கம்.

நான் பூர்வகுடியைச் சேர்ந்தவன் அல்ல. ஸ்காபரோவில் குடியிருக்கும் ஈழத்தமிழன். 2021 முதல் இந்த நாட்டின் குடியுரிமைச் சத்தியத்தில் பூர்வகுடிகளின் உரிமைகளையும் உடன்படிக்கை உரிமைகளையும் ஏற்கிறோம் என்று சொல்கிறோம். அப்படிச் சொன்னவர்களில் நானும் ஒருவன். பூர்வகுடிப் பிள்ளைகளைக் குடும்பத்திலிருந்து பிரித்து வைத்து, அரசும் தேவாலயங்களும் நடத்திய வதிவிடப் பாடசாலைகளில் இருந்து பிழைத்து வந்தவர்களுக்காகப் பேசும் உரிமை எனக்கு இல்லை, அவர்களே நன்றாகப் பேசுகிறார்கள். வரி கட்டுகிறவனாக நான் கேட்பது ஒன்றுதான்: அவர்களுக்கான கல்வி உதவிக்கும் ஆற்றுப்படுத்தலுக்கும் கடைசித் திகதி வைக்காதீர்கள்.

பிழைத்து வந்தவர்கள் தொடுத்த வழக்குகளைத் தீர்க்க அரசு செய்து, 2007இல் நடைமுறைக்கு வந்த ஒப்பந்தத்தில், அந்தப் பாடசாலைகளில் தங்கிப் படித்த முதலாண்டுக்கு 10,000 டொலர், அடுத்து ஒவ்வோர் ஆண்டுக்கும் 3,000 டொலர் என்று கணக்கு. அதற்கென ஒதுக்கிய 190 கோடி டொலரில் மிஞ்சியதைத்தான் கல்வி வரவாக, ஆளுக்கு 3,000 டொலர் வரை தந்தார்கள். கையில் காசாக அல்ல. பிள்ளைக்கோ பேரப்பிள்ளைக்கோ மாற்றிக் கொடுக்கலாம், தாய்மொழி கற்கவும் செலவிடலாம். நல்ல யோசனைதான், மறுக்கவில்லை.

ஆனால் அது வந்து சேர்ந்த விதம்? 2014 தொடக்கத்தில் தபாலில் ஒரு படிவம். நிரப்பி அனுப்பினால் பிறகு இன்னொரு படிவம், அதில் கல்வி நிறுவனத்தின் ஒப்பமும் வேண்டும். பணம் நேரே அந்த நிறுவனத்துக்குப் போகும். முதல் படிவத்துக்கு அந்த ஆண்டு அக்டோபர் 31 கடைசி நாள் என்றார்கள், அப்புறம் 2015 மார்ச் வரை நீட்டினார்கள். அத்தோடு கதவு மூடியாயிற்று.

இந்தப் படிவம் யார் கைக்குப் போனது என்று யோசியுங்கள். 1950களின் தொடக்கம் வரை பல வதிவிடப் பாடசாலைகளில் பாதி நாள்தான் வகுப்பு. மீதிப் பாதி நாள் பையன்களுக்குத் தொழுவமும் வயலும், பெண்பிள்ளைகளுக்குச் சலவையும் சமையலும் தையலும். அப்படி வளர்ந்தவர் முதுமையில், பூர்வகுடிகளுக்கென ஒதுக்கிய தூரத்து ரிசேர்வ் ஒன்றில் இருந்துகொண்டு, எந்தக் கல்லூரி, என்ன பாடநெறி, எவ்வளவு கட்டணம் என்று எழுதி, குறித்த நாளுக்குள் அனுப்ப வேண்டும். பாடசாலை என்ற பெயர் போட்ட கடித உறையைப் பிரிக்கவே மனம் வராதவர்கள் இருந்திருப்பார்கள். அவர்களின் பேத்திக்கு அப்போது ஐந்து வயது என்றால், அவள் கல்லூரிக்குப் போகும் வயதில் அந்த வரவு இல்லை. எடுக்காமல் விட்ட பணம் பூர்வகுடிகளின் கல்விக்கான இரண்டு அறக்கட்டளைகளுக்குப் போனது. வீணாகவில்லை, உண்மை. ஆனால் அந்தப் பேத்திக்குப் போயிருக்கக்கூடியது அந்தப் பேத்திக்கு இல்லை.

நீதிமன்றம் ஏற்ற ஒப்பந்தம், திகதியை நாங்கள் தனியாக வைக்கவில்லை என்பீர்கள். சரி. ஒப்பந்தம் முடிந்துவிட்டது, இனி வைப்பதும் விடுவதும் உங்கள் கையில்தானே? பிழைத்து வந்த ஒவ்வொருவர் பெயரிலும் ஒரு கல்வி வரவைத் திறந்து வையுங்கள். அவர் காலமான பிறகும் பேரப்பிள்ளைகள் படிக்கும் வயது வரும்வரை அது இருக்கட்டும். ஊர் மூத்தவரிடம் கிரீ மொழியோ ஒஜிப்வே மொழியோ கற்பதும் கல்விதான், அதற்குக் கல்லூரி முத்திரை கேட்காதீர்கள்.

அத்தாட்சி கேட்பதிலும் கொஞ்சம் வெட்கம் வேண்டும். 1936க்கும் 1944க்கும் இடையில் உங்கள் முன்னோடித் திணைக்களமே இரண்டு இலட்சம் கோப்புகளை அழித்ததாக இந்தப் பாடசாலைகளை ஆராய்ந்த உண்மை மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு எழுதியிருக்கிறது. கோப்பை அழித்தவர்களே பிறகு எத்தனை ஆண்டு படித்தாய், பதிவு எங்கே என்று கேட்டார்கள். போரில் பிறப்புச் சான்றிதழைத் தொலைத்துவிட்டு வந்த எங்கள் சனத்துக்கு இந்தக் கேள்வி எப்படி உறைக்கும் என்று தெரியும்.

ஆற்றுப்படுத்தலிலும் இதே கதை. பூர்வகுடிகளே நடத்திய குணமாக்கல் அறக்கட்டளை 1998இல் 35 கோடி டொலருடன் தொடங்கியது. 2008 ஜூனில் இந்தப் பாடசாலைகளுக்காகப் பிரதமர் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார், 2010 மார்ச்சில் நூற்றுக்கு மேற்பட்ட ஊர்த் திட்டங்களுக்கு நிதி நின்றது, 2014இல் அறக்கட்டளையே மூடப்பட்டது. இன்று 24 மணி நேரத் தொலைபேசி உதவி இருக்கிறது, உளவள ஆலோசகருக்கும் பயணத்துக்கும் பணம் கிடைக்கிறது. அவை தொடர வேண்டும். ஆனால் ஊரில் ஆண்டுக்கணக்காகப் பழகிய ஒருவரிடம்தான் சிலர் வாய் திறப்பார்கள். அந்த ஊர்க்காரருக்குச் சம்பளம் எத்தனை ஆண்டுக்கு உறுதி என்பதே என் கேள்வி. ஆணைக்குழுவின் 94 அறைகூவல்களில் 21ஆவது, குணமாக்கல் நிலையங்களுக்கு நீடித்த நிதி கேட்கிறது. 2015இல் வந்த அறிக்கை அது.

கடைசியாக, அவசரமான ஒன்று. அந்த ஒப்பந்தத்தின் கீழ் இழப்பீடு கேட்டு, பாடசாலைகளில் பட்ட துன்புறுத்தல் பற்றித் தனித்தனியாகச் சாட்சி சொன்னவர்களின் பதிவுகள், அவர்கள் அழிக்க வேண்டாம் என்று சொல்லாவிட்டால், 2027 செப்டம்பர் 19க்குப் பிறகு அழிக்கப்படும். 2017இல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. அழிப்பதா, வைப்பதா, பிரதி எடுப்பதா என்று தீர்மானிப்பது அவர்கள் உரிமை, அதில் யாரும் தலையிட வேண்டாம். ஆனால் தெரியாமல் விட்டுப்போவது தீர்மானம் ஆகாது. இன்னொரு கடித உறையை அனுப்பிவிட்டு இருக்காதீர்கள். அந்தந்த ஊரில், அவர்கள் மொழியில், நேரில் போய்ச் சொல்ல ஆட்களையும் அதற்கான நிதியையும் இந்த ஆண்டே ஒதுக்குங்கள்.

இப்படிக்கு,
ஸ்காபரோவிலிருந்து ஒரு குடிமகன்