பூட்டிய மின்னூலும் அணைந்துபோன சர்வரும்

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் வந்த வீட்டு நூலகம் பற்றிய கட்டுரையைப் படித்தேன். அலமாரி இடத்தை அடைக்கிறது, கரையான் வருகிறது, வீடு மாறும்போது இடுப்பு ஒடிகிறது, ஆகவே எல்லாவற்றையும் மின்னூலாகவே வாங்கிவிடுங்கள் என்கிறார் கட்டுரையாளர். கரையான் விஷயத்தில் அவரோடு எனக்குச் சண்டை இல்லை. நானும் அமேசானின் மின்னூல் கருவியான கிண்டிலில் படிப்பவன்தான்; இந்த வயதில் எழுத்தைப் பெரிதாக்கிக்கொள்ளும் வசதி பெரிய வரம். ஆனால் அப்படி வாங்கியது நம்முடையதாகிவிடும் என்று அவர் நினைத்துக்கொண்டிருப்பதாகத் தெரிகிறது. அது சரியல்ல.

கிண்டில் கடையின் நிபந்தனைகளைப் படித்துப் பார்த்தால், புத்தகம் நமக்கு விற்கப்படவில்லை, படிக்க உரிமம் மட்டுமே தரப்படுகிறது என்று வெளிப்படையாகவே எழுதியிருக்கும். இது ஏட்டளவில் நிற்கும் பேச்சும் அல்ல. 2009 ஜூலையில் அமெரிக்காவில் ஜார்ஜ் ஆர்வெல்லின் '1984', 'விலங்குப் பண்ணை' இரண்டையும் காசு கொடுத்து எடுத்தவர்களின் கிண்டிலில் இருந்து அமேசான் அழித்தது. அந்தப் பதிப்பைக் கடையில் போட்டவர்களுக்கு அமெரிக்காவில் உரிமை இல்லை என்பது காரணம். பழைய ஏடுகளை அழித்து வரலாற்றை மாற்றும் அரசைப் பற்றிய நாவல்தான் '1984'; அழிக்க வேறு புத்தகமா கிடைக்கவில்லை என்று ஊரே சிரித்தது. பணம் திரும்ப வந்தது, அமேசானின் அப்போதைய தலைவர் ஜெஃப் பெசோஸ் மன்னிப்பும் கேட்டார். ஆனால் ஒரு பள்ளி மாணவர் பாடத்துக்காக எழுதிவைத்த குறிப்புகள் மூலநூல் இல்லாமல் பொருளற்றுப் போய், வழக்கு வரை சென்றது. அச்சுப் புத்தகத்தில் இதே உரிமைத் தகராறு வந்தால் பதிப்பாளரும் கடைக்காரரும் கோர்ட்டுக்குப் போவார்கள். நம் வீட்டுக்குள் வந்து யாரும் எடுத்துப் போக மாட்டார்கள்.

2019இல் மைக்ரோசாஃப்ட் தன் மின்னூல் கடையை மூடியபோது விற்ற புத்தகங்கள் எல்லாமே வாசகர்களிடமிருந்து மறைந்தன. அங்கேயும் பணம் திரும்பக் கிடைத்தது. 2025 பிப்ரவரியில், வாங்கிய கிண்டில் புத்தகத்தைக் கணினியில் இறக்கி, கேபிள் வழியாகக் கருவிக்கு மாற்றும் வசதியை அமேசான் நிறுத்திவிட்டது. இதற்கு ஈடு ஒன்றும் இல்லை.

அப்படியானால் டிஸ்காக, அட்டையாகக் கையில் வாங்கினால் போதுமா? கேம் ஆடும் பிள்ளைகளைக் கேளுங்கள். யூபிசாஃப்ட் 2014இல் வெளியிட்ட 'தி க்ரூ' என்ற கார் பந்தய விளையாட்டு டிஸ்கிலும் விற்றது. தனியாக ஆடினாலும் நிறுவனத்தின் சர்வரோடு, அதாவது அவர்களுடைய இணையக் கணினியோடு, தொடர்பு வேண்டும் என்ற வகையில் அதைச் செய்திருந்தார்கள். 2024 மார்ச் 31 அன்று சர்வரை நிறுத்தினார்கள். டிஸ்க் கையில் இருந்தும் பயனில்லை. இதைப் பார்த்துத்தான் ராஸ் ஸ்காட் என்ற யூடியூபர் 'ஸ்டாப் கில்லிங் கேம்ஸ்' இயக்கத்தைத் தொடங்கினார். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு அனுப்பும் மனுவில் 2025 ஜூலைக்குள் 10 லட்சம் கையெழுத்து தாண்டியது. அவர்கள் சர்வரைக் காலமெல்லாம் ஓட்டு என்று கேட்கவில்லை. கடையை மூடும்போது, ஆட்டத்தை ஆடக்கூடிய நிலையில் விட்டுவிட்டுப் போ என்கிறார்கள். நியாயமான கோரிக்கையாகத்தான் எனக்குப் படுகிறது. நின்டெண்டோ ஸ்விட்ச் 2 என்ற விளையாட்டுக் கருவிக்கு இப்போது வரும் சில அட்டைகளில் விளையாட்டே கிடையாது. இணையத்திலிருந்து இறக்கிக்கொள்ள ஒரு சாவி மட்டும் இருக்கிறது. அதையும் பெட்டி போட்டு விற்கிறார்கள்!

கலிபோர்னியாவில் 2025 ஜனவரி முதல் ஒரு சட்டம் நடைமுறையில் இருக்கிறது. உரிமம் மட்டும் தரும் கடை அதை வாங்குபவரிடம் தெளிவாகச் சொல்ல வேண்டும். சொல்ல வேண்டும், அவ்வளவுதான். பறிக்கக் கூடாது என்று அதில் இல்லை. நிரந்தரமாக இறக்கிவைத்து, இணையம் இல்லாமலே பயன்படுத்தக்கூடிய பொருளுக்கு விலக்கும் உண்டு. ஜிஓஜி கடையில் அப்படித்தான் விளையாட்டுகளை விற்கிறார்கள். பூட்டில்லாமல், அதாவது நகலெடுக்கவும் வேறு கருவிக்கு மாற்றவும் விடாத மென்பொருள் தடை இல்லாமல், விற்றும் வியாபாரம் நடத்த முடியும் என்பதற்கு அது போதாதா?

நம் நாட்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, ஒருமுறை விற்று, புழக்கத்துக்கு வந்துவிட்ட புத்தகப் பிரதியை யாரும் மறுபடி விற்கலாம், இரவல் தரலாம். பழைய புத்தகக் கடைகள் பிழைப்பது இதனால்தான். கோட்டையூர் ரோஜா முத்தையாவை நினைத்துக்கொள்கிறேன். பல்கலைக்கழகமோ அரசோ பின்னால் இல்லாமல், தனி மனிதராகப் பழைய தமிழ்ப் புத்தகங்களையும் இதழ்களையும் துண்டறிக்கைகளையும் தேடிச் சேர்த்தார். அவர் 1992இல் காலமான பிறகு அந்தச் சேகரிப்பை சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கியது. 1994இல் அது சென்னையில் ஆய்வு நூலகமாக உருவானது. இன்று தமிழாய்வு செய்பவர்கள் அங்கே போகாமல் இருக்க முடியாது. கிண்டில் கணக்கில் அவர் சேர்த்திருந்தால் சிகாகோவுக்கு விற்க என்ன இருந்திருக்கும்? கணக்கை இன்னொருவர் பேருக்கு மாற்றவே நிபந்தனை இடம் தராது. ஸ்டீம் என்ற இணைய விளையாட்டுக் கடையில் பல்லாயிரம் ரூபாய்க்கு விளையாட்டு சேர்த்த கணக்குக்கும் இதே கதிதான். உயில் எழுதியும் பயனில்லை.

இதற்காக மின்னூலை நான் பழிக்கவில்லை. பழந்தமிழ் நூல்களை இணையத்தில் இலவசமாகத் தரும், 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டத்திலிருந்து இறக்கிய சங்கப் பாடல்களை, கணினி மாற கணினி மாற நான் கூடவே எடுத்துவந்திருக்கிறேன். யாரும் தடுத்ததில்லை. சிக்கல் பூட்டில் இருக்கிறது. அந்தப் பூட்டைப் போடுவது எப்போதும் அமேசான் என்றும் நினைக்க வேண்டாம். கிண்டிலில் புத்தகம் ஏற்றும்போது பூட்டு வேண்டுமா, வேண்டாமா என்று பதிப்பாளரிடமே கேட்கிறார்கள். நம் ஆட்கள் பயந்துகொண்டு 'வேண்டும்' என்று கொடுத்துவிடுகிறார்கள். வாட்ஸ்அப் குழுக்களில் பிடிஎஃப் சுற்றுகிறது என்ற அவர்கள் கவலை உண்மைதான். ஆனால் என் கண்ணில் பட்ட அந்தப் பிடிஎஃப்களில் பெரும்பாலானவை அச்சுப் புத்தகத்தை ஸ்கேன் செய்தவை. மின்னூலுக்குப் போட்ட பூட்டு அவற்றை எப்படித் தடுக்கும்? காசு கொடுத்தவன்தான் மாட்டிக்கொள்கிறான்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். நூல் அறிமுகப் பகுதியில் விலை, பக்கம், பதிப்பகத்தின் தொலைபேசி எண் எல்லாம் போடுகிறீர்கள். மின்னூலும் கிடைக்கும் என்றால், அது பூட்டுள்ளதா, பூட்டில்லாததா என்று ஒரு சொல் சேர்த்துப் போடுங்கள். பதிப்பகத்தாரிடம் கேட்டால் அரை நிமிடத்தில் சொல்லிவிடுவார்கள். இதே கேள்வியை மாதாமாதம் நீங்கள் கேட்க ஆரம்பித்தால், சிலராவது அடுத்த புத்தகத்துக்கு 'வேண்டாம்' என்று கொடுப்பார்கள்.

அன்புடன்,
தங்கள் நெடுநாள் வாசகர்,
கும்பகோணம்.