செயலாளரின் ஆண்டறிக்கை: எலிங்டனைக் கேட்ட ஆண்டு

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

பொதுக்குழு தீர்மானித்தபடி, இந்த ஆண்டு மன்றத்தின் மாதக் கூட்டங்கள் அனைத்தும் அமெரிக்க ஜாஸ் மேதை ட்யூக் எலிங்டனுக்கே ஒதுக்கப்பட்டன. "ஜாஸெல்லாம் நமக்கு எதற்கு?" என்று ஆரம்பத்தில் முணுமுணுத்த மூத்தவர்கள்தான் பிறகு முன்வரிசையை விட்டுக்கொடுக்கவில்லை.

1899இல் வாஷிங்டனில் பிறந்தவர். 1927 டிசம்பரில் நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் இருந்த காட்டன் கிளப்பில் தன் இசைக்குழுவோடு வாசிக்கத் தொடங்கினார். அங்கிருந்து ஒலிபரப்பான நிகழ்ச்சிகளால் நாடு முழுக்கப் பெயர் பரவியது. மேடையில் கறுப்பினக் கலைஞர்கள், மேசைகளில் வெள்ளையர்கள் என்பதே அந்த கிளப்பின் வழக்கம்.

அதிகம் பேசப்பட்டது அவர் இசை எழுதிய விதம். சுரத்தாளின் தலைப்பில் வாத்தியத்தின் பெயருக்குப் பதிலாக வாசிப்பவரின் பெயரையே எழுதுவாராம். ஜானி ஹாட்ஜஸின் சாக்ஸபோன் ஒரு சுரத்திலிருந்து அடுத்ததற்கு வழுக்கிப் போவதைக் கேட்டதும், வயலின் வாசிக்கும் நம் உறுப்பினர் ஒருவர் "இது நம் கர்நாடக இசையின் ஜாருதானே!" என்று எழுந்துவிட்டார். கூட்டி வில்லியம்ஸ் அடைப்பானை வைத்து ட்ரம்பெட்டை உறும வைப்பதும் அப்படித்தான். ஆளைப் பார்த்து எழுதிய இசை.

அந்த ஆட்களைக் கட்டிக் காக்கப் பணம் வேண்டுமே! 1940களின் பிற்பகுதியில் பெரிய இசைக்குழுக்கள் ஒவ்வொன்றாகக் கலைந்தபோது, எலிங்டன் தன் பாடல்களின் ராயல்டியை எடுத்துச் சம்பளம் கொடுத்தார். குழுவின் சாக்ஸபோன் கலைஞர் ஹாரி கார்னி 1927இல் சேர்ந்து, 1974இல் எலிங்டன் மறையும்வரை கூடவே இருந்தார். நம் பொருளாளருக்கு மட்டும் இந்தக் கணக்கு பிடிக்கவில்லை.

எலிங்டனோடு சேர்ந்து இசை எழுதிய பில்லி ஸ்ட்ரேஹார்ன் பற்றிய கூட்டம் காரசாரமாகப் போனது. குழுவின் அடையாள இசையான 'டேக் தி ஏ ட்ரெயின்' அவர் எழுதியது. 1941இல் உரிமத் தகராறால் எலிங்டனின் சொந்தப் பாடல்களை அமெரிக்க வானொலியில் ஒலிபரப்ப முடியாமல் போனபோது கைகொடுத்தவை ஸ்ட்ரேஹார்னின் பாடல்கள். அவருக்குச் சேரவேண்டிய பெயர் முழுதாகச் சேரவில்லை என்பது என் கருத்து. தலைவர் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.

1956 நியூபோர்ட் ஜாஸ் விழாவில் குழுவின் பால் கான்சால்வஸ் சாக்ஸபோனில் ஒரே மெட்டை 27 சுற்றுகள் நிறுத்தாமல் விரித்து வாசித்த பதிவை, கேட்டவர்களின் வற்புறுத்தலால் மறுமுறையும் ஒலிக்கவிட்டோம். 1963இல் எலிங்டன் குழு இந்தியாவுக்கும் இலங்கைக்கும் வந்தது பலருக்குப் புதுச் செய்தி. கென்னடி கொலையால் அந்தச் சுற்றுப்பயணம் பாதியில் நின்றது.

1965இல் நடுவர்கள் பரிந்துரைத்தும் அமெரிக்காவின் புலிட்சர் பரிசு வாரியம் அவருக்குச் சிறப்பு விருதை மறுத்தது. சின்ன வயதிலேயே தான் அதிகப் புகழ் பெறுவதை விதி விரும்பவில்லை என்று சிரித்தார். அப்போது வயது 66. சிறப்பு விருது 1999இல்தான் வந்தது, அவர் இறந்து 25 ஆண்டு கழித்து.

அடுத்த ஆண்டுக்கான பெயர்களை உறுப்பினர்கள் இன்றே எழுதித் தரலாம். வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் இப்போது வாசிப்பார்.

செயலாளர்