ஏரிக்கரைச் சரிவுக்கு வெட்டிவேர் போதும்

மதிப்பிற்குரிய நகராட்சிப் பூங்காப் பிரிவு அலுவலர்களுக்கு,

வணக்கம். ஏரிக்கரைச் சரிவு முழுக்கக் கொரியன் புல் பதிக்கப்போவதாகக் கேள்விப்பட்டேன். தயவுசெய்து அந்த வேலையை நிறுத்திவையுங்கள். வெயில் காலத்தில் விடாமல் தண்ணீர் கேட்கும் புல் அது. அதன் வேரும் மேல்மண்ணோடு நின்றுவிடும். போன அடைமழையில் கரை எங்கெல்லாம் அரித்தது என்று நடைப்பயிற்சிக்கு வருகிற எல்லோருக்கும் தெரியும்.

அங்கே வெட்டிவேர் நடுங்கள். பானைத் தண்ணீரில் போடுகிறோமே, அதே வேர்தான். கடலூர்ப் பக்கத்து மணலில் பயிராகிறது. வேர் பக்கவாட்டில் படராமல் நேர்கீழே மூன்று மீட்டர் வரைகூட இறங்கும். மைசூர்ப் பக்கத்து விவசாயிகள் வயல் எல்லையில் காலங்காலமாக நட்டுவந்த இந்தப் புல்லைத்தான் 1980களில் உலக வங்கி மண்ணரிப்பைத் தடுக்கப் பரிந்துரைத்தது. அழகிலும் குறைவில்லை: ஆள் உயரத் தூர், ஊதா படர்ந்த கதிர். நம் பக்கத்து ரகங்கள் முளைக்கும் விதை வைப்பதில்லை என்பதால் களையாகப் பரவும் பயம் வேண்டாம். நர்சரிகளில் பவுன்டன் கிராஸ் என்று விற்கும் ஆப்பிரிக்கப் புல் அப்படியல்ல, காற்றில் விதை பறந்து பல நாடுகளில் களையாகிவிட்டது. அதை மட்டும் வாங்கிவிடாதீர்கள்.

நடுவதில்தான் கவனம் வேண்டும். தூரைப் பிரித்து, இரண்டு மூன்று சிம்பு (தூரிலிருந்து வேரோடு பிரியும் தனித்தண்டு) சேர்ந்தாற்போல் எடுத்து, தாளை ஒரு சாண் உயரத்துக்கும் வேரை நாலு விரற்கடைக்கும் நறுக்க வேண்டும். சரிவுக்குக் குறுக்கே, ஒரே மட்டத்தில், அரை அடிக்குள் ஒன்றாக வரிசை போட வேண்டும். மேலிருந்து கீழாக வரிசை பிடித்தால் மழைத்தண்ணீர் அதையே வாய்க்காலாக்கிக்கொள்ளும். ஆவணியில் நட்டுத் தண்ணீர் விட்டால் ஐப்பசிக்குள் வேர் பிடித்துவிடும். பட்டுப்போன இடத்தில் உடனே வேறு சிம்பு வையுங்கள். ஒரு இடைவெளி போதும், வெள்ளம் அதன் வழியே பாயும். மர நிழலில் மட்டும் வேண்டாம், தேறாது.

பிறகு வருடத்துக்கு இரண்டு முறை முழங்கால் உயரத்துக்கு அறுத்துவிட்டால் தூர் கட்டும். அறுத்த தாளைக் கொளுத்தாமல் மரக்கன்றுகளுக்கு மூடாக்குப் போடலாம். வேருக்கு நல்ல விலை உண்டு, யாராவது தோண்ட வருவார்கள். கரையில் தோண்டக் கூடாது என்று ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள்.

முதலில் மதகை ஒட்டிய சரிவில் மட்டும் நட்டுப்பாருங்கள். என் தோட்டத்துத் தூர்களைத் தருகிறேன். உங்கள் பணியாளர்களுடன் நின்று நட்டும் காட்டுகிறேன்.

இப்படிக்கு,
ஏரிக்கரைத் தெருவாசி ஒருவர்